மீன்காரியின் முகமும் ஹான் வைத்தியரின் கோபமும்

வைத்தியரம்மா ஹான் ருயூனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழ்ந்துவிடும். எங்கள் சீன வைத்திய ஆஸ்பத்திரியில் அவருடைய அறைக்கு அடுத்த அறையில் மூலிகை நிறுத்துக் கொடுப்பது என் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு சட்டென்று இறங்கினால், யாருக்கோ கெட்ட நேரம் என்று தெரிந்துகொள்வேன்.

அக்குபங்சர் என்னும் ஊசி வைத்தியத்தில் அவர் பழைய முறைக்காரர். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். தூக்கம் எப்படி, வியர்வை எப்படி, யார் மேல் கோபம் என்றெல்லாம் கேட்பார். ஒரே மாதிரித் தலைவலியோடு இரண்டு பேர் வந்தால் ஒருவருக்குக் காலில் குத்துவார், மற்றவருக்குக் கையில். வலிக்கிற இடம் அவருக்கு முக்கியமில்லை. உடம்புக்குள் ஓடும் ச்சி என்ற உயிரோட்டம் எங்கே அடைபட்டது, எங்கே வற்றியது என்பதைத்தான் தேடுவார்.

புதிதாக வந்த ஆஸ்பத்திரி இயக்குநர் தாவுக்கு இது ஆகவில்லை. "நோய்க்கு நோய் எந்தப் புள்ளின்னு சுவத்துல ஒட்டியாச்சு ஹான் அம்மா. குத்துங்க, ஊசியில மின்சாரத்த மாட்டுங்க, அடுத்த ஆளக் கூப்பிடுங்க. நீங்க என்னமோ சம்பந்தம் பேசுற மாதிரி உக்காந்து பேசிட்டிருக்கீங்க!"

"ஆளத் தெரியாம ஊசியத் தொடமாட்டேன்" என்பார் ஹான். குரல் இறங்கியிருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஆஃபென் வந்தாள். சந்தையில் மீன் விற்பவள். கழுத்துத் துணியால் பாதி முகத்தை மறைத்திருந்தாள். துணியை எடுத்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"ஒரு கண்ணு மூடவே மாட்டேங்குது வைத்தியரம்மா. மீனு மாதிரி கண்ணத் தொறந்துட்டே தூங்குறேன். எங்க வீட்டுக்காரர், ஆளு போயிட்டாளோன்னு உலுக்கிப் பாக்குறார்."

ஹான் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாதி நெற்றி அசையவில்லை. இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். இரண்டும் நேராக நின்றன. "இது மூளையில வந்த அடைப்பு இல்லன்னுதான் தோணுது. ஆனா என் தோணல நம்பாத. முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு, அவங்க குடுக்குற மாத்திரையையும் வாங்கிட்டு வா."

முகத்து நரம்பில்தான் கோளாறு என்று அங்கே சொன்னார்கள். திரும்பி வந்தவளின் நாடியை ஹான் வெகுநேரம் பிடித்திருந்தார். கடைப் பங்கு விஷயத்தில் கொழுந்தனோடு மாதக்கணக்காகச் சண்டை, தூக்கமே இல்லை, விடியுமுன் படகுத் துறையில் பனிக்காற்று என்று எல்லாம் வெளியே வந்தது.

"காத்து எல்லாருக்குந்தான் அடிக்குது. உன் வேலி சாஞ்சு கெடந்துது, உள்ள பூந்துடுச்சு" என்றார். முகத்தில் ஓரிரண்டு ஊசி, மற்றவை கட்டைவிரலுக்குப் பக்கத்திலும் பாதத்திலும்.

"கோணினது மூஞ்சி, குத்துறது காலா?... ஐயோ, உள்ள என்னமோ கவ்வி இழுக்குதே!"

"இழுக்கட்டும், ச்சி வந்துடுச்சு. அதுக்குத்தான் காத்திருந்தேன்."

"எப்ப சரி பண்ணுவீங்க?"

"நான் சரி பண்றதில்லடி. உன் உடம்புதான் பண்ணிக்கும். பாதிப் பேருக்கு மேல ஊசியே இல்லாமக்கூடச் சரியாகும். வழி விடச் சொல்றது மட்டுந்தான் என் வேலை. நல்லாத் தூங்கு, கொழுந்தனோட சண்டைய நிறுத்து."

"இன்னும் நாலு ஊசி வேணா குத்திக்குங்க. சண்டைய மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க."

வசந்தம் முடிவதற்குள் அவள் வாய் நேரானது. அதோடு விட்டிருக்கலாம். தாவ் விடவில்லை. அவள் கோணல் முகத்தையும் சிரித்த முகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒரே ஊசியில் முகம் திரும்பியது என்று காணொளி போட்டார். வாசலில் அதே முகங்களும் ஹானின் படமும் போட்ட பெரிய பதாகை. மாத்திரையைப் பற்றி ஒரு சொல் இல்லை, காத்திருந்த மாதங்களைப் பற்றியும் இல்லை. ஹானிடமோ ஆஃபெனிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எடுக்கச் சொல்லி ஹான் இரண்டு முறை போய்ச் சொன்னார். "ஊரே பாக்குதும்மா, சந்தோஷப்படுங்க" என்று தேநீர் கொடுத்து அனுப்பினார் தாவ்.

ஒரு நாள் காலையில் லியென் கெஷெங் என்ற ஆரஞ்சுத் தோட்டக்காரரை அவர் மகன் முதுகில் சுமந்துகொண்டு வந்தான். வாய் கோணியிருந்தது. மகன் கைபேசியில் அந்தக் காணொளியைக் காட்டினான். "இதே மாதிரிதாம்மா! நேத்து சாயங்காலத்துலேருந்து. அந்த ஒரு ஊசியப் போடுங்க."

நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கியது. வலது கை தூக்கியதுமே விழுந்தது. இது மூளையில் வந்த அடைப்பேதான்; ஹான் ஊசிப் பெட்டியைத் திறக்கவேயில்லை. அவசர ஊர்தியைக் கூப்பிட நான் ஓடினேன்.

"வழியில பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, ஏம்ப்பா இறங்கல?" என்றார் ஹான்.

"நீங்கதான ஒரே ஊசின்னு சொல்லியிருக்கீங்க?"

ஹானின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லியென் பிழைத்தார். ஆனால் அடைப்பைக் கரைக்கிற மருந்து போடும் நேரம் தாண்டிவிட்டது என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். வலது கை விளங்காமல் போயிற்று.

மறுநாள் ஹான், வைத்தியர்கள் கூடியிருந்த அறையில் தாவின் முன்னால் நின்றார். வாசலில் நின்ற எனக்குக் குரல் கிட்டத்தட்டக் கேட்கவேயில்லை. "நான் சொல்லாத பொய்ய என் மூஞ்சிய வெச்சுச் சொன்னீங்க. ஒரு மனுஷன் கை போச்சு."

"படிக்காதவங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா ஆஸ்பத்திரி என்ன பண்ணும்?"

நியாயமா இது? அவர்கள் தப்பாகப் புரிந்துகொள்ளட்டும் என்றுதானே அப்படி எடுத்தீர்கள்! அந்த அறையில் ஒருவராவது வாயைத் திறக்கவேண்டுமே. ஒருவரும் திறக்கவில்லை.

திறந்தவள் ஆஃபென். விஷயம் சந்தைக்குப் போனதும், செதில் ஒட்டிய ஏப்ரனோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "என் மூஞ்சிய வித்துப் பொழைக்கிறியா? நானே மீனத்தான்டா விக்கிறேன், மூஞ்சிய விக்கல!" என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டே பதாகையைக் கிழித்தாள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் ஹான்.

அடுத்த வாரமே ஹானை மலையடிவாரத்துக் கிளை வைத்திய நிலையத்துக்கு மாற்றினார்கள். தாவுக்கு மாவட்டத்தில் பெரிய பதவி கிடைத்தது. காணொளி இன்றும் கைக்குக் கை போய்க்கொண்டிருக்கிறது.

லியெனின் தோட்டம் அந்த மலையில்தான். ஹான் சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போய் ஊசி போடுகிறார். ஒரு முறை நானும் கூடப் போனேன். லியென் இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, குழறலாகக் கேட்டார்: "இந்தக் கை வருமா, வராதா?"

"தெரியாது" என்றார் ஹான். "வந்தா அது உங்க உடம்பு செஞ்சது. வராமலும் போகலாம். பொய் சொல்லமாட்டேன்."

லியென் அவரை முறைத்துப் பார்த்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். ஹான் நாடியில் விரல் வைத்தார்.