திருச்சுழி நிறுத்தத்தில் இரண்டு வைஃபை

காலை 9.40. அருப்புக்கோட்டையில் நரிக்குடி டவுன் பஸ் ஏறினேன். திருச்சுழி வரை எனக்குப் பதினைந்து ரூபாய். பக்கத்து இருக்கை ஜெயலட்சுமிக்கு இலவசம். அவருடையது வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். தறியில் இறங்கும் சேலைகளை இணையத்தில் சொந்தப் பக்கம் தொடங்கி அவரே விற்கிறார்.

பாதி வழியில் அவருக்கு அழைப்பு வந்தது. மதுரைக் கல்யாண வீட்டுக்குப் பன்னிரண்டு சேலை வேண்டுமாம்.

"பதினோரு மணிக்குள்ள என் இணையப் பக்கத்துல சேலைப் படம் போடணுமாம்ண்ணே. இல்லாட்டி வேற கடைக்குப் போயிருவாக. நேத்துதான் புதுப் போன் வாங்குனேன். பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ள போகணும்."

10.25, திருச்சுழி. இருவரும் இறங்கினோம். சிக்னல் ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் எதிர்க் கடை வாசலில் இரண்டு தண்ணீர்ப் பானை, மேலே 'இலவச வைஃபை' என்று ஒரு பலகை! துள்ளிக் குதிக்காத குறைதான். செல்போனில் கடையின் பெயரிலேயே இரண்டு வைஃபை தெரிந்தன. "மேலே இருப்பதை அமுக்குங்கள்" என்றேன், பெரிய விவரக்காரனாட்டம். இமெயிலும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு பக்கம் திறந்தது. அவர் இமெயிலை அடிக்கத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, உங்களுடையது எது? ரெண்டு காட்டுதே?" என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"ரெண்டா? நம்மளது ஒண்ணுதான். அது ஒண்ணுமே கேக்காதே! தாகத்துக்கு வாரவுககிட்ட என்னத்தக் கேக்க?"

இந்த வறண்ட சீமையில் பானைக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை. அண்ணாச்சி வைஃபையையும் அப்படியே திறந்து வைத்திருக்கிறார். அவர் பெயரில் எவனோ பாஸ்வேர்டு திருட வலை விரித்திருக்கிறான். அமுக்கச் சொன்னவன் நானல்லவா?

"பாஸ்வேர்டு அடித்துவிட்டீர்களா?"

"இல்லண்ணே. அது போச்சுன்னா என் பொழப்பே போச்சு!"

"கம்மாக்கரைக்கு ஓடுங்க, அங்கன டவர் எடுக்கும்" என்று அண்ணாச்சி கத்தினார்.

வைஃபையை அணைத்துவிட்டுக் கண்மாய்க் கரைக்கு ஓடினோம். கருவேல முள் என் வேட்டியைக் கிழித்தது. நின்று பார்க்க நேரமில்லை. கரை மேல் மூன்று புள்ளி சிக்னல்! சொந்த டேட்டாவில் உள்ளே போய், 10.56க்குப் படங்களைப் போட்டார். 10.58க்குப் பதில் வந்தது: பன்னிரண்டும் வேண்டும். ஜெயலட்சுமி தெலுங்கில் ஏதோ கூவினார். புரியாமலே நானும் கைதட்டினேன்.

சென்னையில் என் வீட்டுக்கு மூன்று பூட்டு. என் செல்போனோ வழியில் அகப்பட்ட வைஃபையில் எல்லாம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். அந்த வசதியைக் கரையிலேயே அணைத்தேன்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, பலகையை அழித்து எழுதிக்கொண்டிருந்தார்:

"தண்ணி குடிங்க. வைஃபையில பாட்டுக் கேளுங்க. பாஸ்வேர்டு மட்டும் கம்மாக்கரையில போய்ப் போடுங்க."