நீலக் கித்தார்தான் வேண்டும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அம்மா கித்தார் வாங்கப் புறப்பட்டார். எனக்கு அல்ல, அவருக்கே. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் அவருடன் வேலை பார்த்த தோழி ஒருவர் இரண்டு வருஷமாகத் தன் கித்தாரை இரவல் கொடுத்திருந்தார். அவர் ஊர் மாறிப் போனதும் கித்தாரும் போய்விட்டது. அதன் பிறகு அம்மா வீடு கூட்டும்போது பார்க்கவேண்டும். துடைப்பக்கட்டையின் மேல் இடது கை விரல்கள் தானாக நடந்துகொண்டிருக்கும்.

அம்மாவின் வாசிப்பு அப்பாவின் காதில் ஒருநாளும் பாட்டாக விழுந்ததில்லை. "கொசு வராம இருக்கு, அதுவரைக்கும் நல்லதுலா" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். கேலி பேசுவதை நான் படித்த பள்ளிக்கூடம் அப்பாதான்; அங்கே மட்டும் ஒருநாளும் மட்டம் போட்டதில்லை.

எனக்கு இதில் ஒரே ஒரு கவலை. புதுக் கித்தார் நீல நிறம், அதில் நெருப்புப் படம் போட்டிருக்கும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஜொகூர் பாருவில் கடைக்கு எதிரே வேனை ரோட்டோரமாக நிறுத்திவிட்டு, அப்பா இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். கடைக்காரச் சீனர் என் உயரத்தைப் பார்த்து, பிள்ளைகள் வாசிக்கும் சின்னக் கித்தாரை எடுத்தார்.

"உந்தோக் சாயா" என்றார் அம்மா. எனக்கு என்று அவர் மலாயில் சொன்ன விதத்தில், கடைக்காரர் சின்னதை உடனே திரும்ப மாட்டிவிட்டார்.

நான் சொன்ன நீலமும் அங்கே இருந்தது. நெருப்புகூட இருந்தது! அம்மா எனக்காக ஒரு தடவை அதை மீட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பெயிண்டுக்கே எல்லாத்தையும் செலவு பண்ணிட்டாங்கடா. சத்தத்துக்கு ஒண்ணும் மிச்சமில்ல."

அடுத்ததில் கம்பி கரகரத்தது. இன்னொன்றில் கம்பிகள் உயரமாக நின்று விரலை வெட்டின. ஏழாவதாக வந்தது தேத்தண்ணி நிறத்தில், எந்தப் படமும் இல்லாத ஒன்று. அம்மா அதன் மரத்தில் காதை வைத்து வாசித்தார். பிறகு அதைத் தாங்கியில் வைத்துவிட்டு, "அப்பா ஒரு தடவயாச்சும் கேக்கட்டும்" என்று வேனுக்குப் போனார். கடைக்காரர் உள்ளே உறை தேடப் போனார்.

எனக்கு அரை நிமிடம் போதும். கித்தாரின் தலையில், கம்பிகளை முறுக்கப் பக்கத்துக்கு மூன்றாக ஆறு குமிழ்கள். இரண்டு பக்கமும் நடுவில் இருந்ததை மட்டும் தளர்த்திவிட்டு, சுவரில் இருந்த புல்லாங்குழல்களை எண்ணத் தொடங்கினேன்.

அம்மா அப்பாவை இழுத்துக்கொண்டு வந்தார். மீட்டினார். தகர டப்பா படியில் உருண்டது போல இருந்தது.

"அலமாக்! இதுக்கா என்னைய எறக்குன?" என்றார் அப்பா.

"ப்ளூவே எடுத்துக்கலாம்ப்பா" என்றேன், பாவமாக.

அம்மாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. கடைக்காரர் சுருதி பார்க்கும் சின்ன மெஷினை நீட்டினார். அம்மா வேண்டாம் என்று கை காட்டினார். ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். இரண்டே குமிழ்களைத் திருகினார், மற்றவற்றைத் தொடவே இல்லை. பிறகு வாசித்தார். முழுப் பாட்டையும் வாசித்தார்.

அப்பா பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். "சீக்கிரம் எடும்மா, வேனுக்குச் சம்மன் போட்டுருவான்" என்று வெளியே போய்விட்டார்.

வீடு வரை கித்தாரை நான்தான் மடியில் வைத்திருக்கவேண்டும் என்றார் அம்மா. அன்று பார்த்து ரோட்டில் நல்ல ஜாம். என் கால் இரண்டும் மரத்துப்போன பிறகு, அம்மா முன்சீட்டிலிருந்து மெல்லத் திரும்பினார்.

"ரெண்டாவது கம்பி, அஞ்சாவது கம்பி. அடுத்த தடவ ஆறையும் திருகுடா. அப்பத்தான் எனக்குக் கொஞ்சமாச்சும் வேலை இருக்கும்."

நான் திருகியபோது அவர் ரோட்டைத் தாண்டி வேனருகில் அல்லவா நின்றிருந்தார்! அந்தக் கடையில் எந்த மூலையில் கண்ணாடி மாட்டியிருந்தார்கள் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.