ஒசாகாவில் குப்பைத்தொட்டி இல்லை

ஒவ்வொரு முறை சென்னையிலிருந்து மெல்பர்ன் கிளம்பும்போதும், அம்மா ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் வடுமாங்காயை என் கணவர் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிடுவார். "ஏர்போர்ட்ல நாய் மோப்பம் பிடிச்சிடும். ஃபைன் போட்டுத் தாளிச்சிடுவாங்க" என்பார்.

ஜப்பான் பயணத்தின் கடைசி நாளில் ஒசாகாவைச் சுற்றினோம். சந்தைத் தெருவில் கண்டதையெல்லாம் வாங்கித் தின்றேன். ஆனால் அந்த ஊர்த் தெருக்களில் குப்பைத்தொட்டி குதிரைக்கொம்பு. அவரவர் குப்பையை அவரவரே வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமாம். மெல்பர்னின் வெரிபீ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் எந்தக் குப்பை எந்தத் தொட்டிக்கு என்று எனக்குப் பாடம் எடுக்கிற என் கணவர் பூரித்துப்போனார். "என்ன ஒழுக்கம் பாத்தியா!"

பார்த்தேன். ஆரஞ்சுத் தோலையும் மீன் வறுவல் குச்சிகளையும் ஒரு கவரில் போட்டு அவரிடமே நீட்டினேன். பெருமையாக வாங்கித் தன் முதுகுப்பையில் வைத்துக்கொண்டார். கோட்டை, கால்வாய், மறுபடியும் சந்தை என்று இருட்டும்வரை அலைந்துவிட்டு நேரே விமானம் ஏற ஓடினோம்.

மெல்பர்னில் இறங்கியதும், சாப்பாட்டுப் பொருள் எதுவும் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மோப்ப நாய் வந்து அவர் முதுகுப்பையை முகர்ந்து, பக்கத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. கையுறை போட்ட அதிகாரி கவரைப் பிரித்து, வாடிய ஆரஞ்சுத் தோலை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார்.

கணவர் என்னைப் பார்த்தார்.

"மாட்டுனதுதான் மாட்டுனீங்க," என்றேன், "எங்கம்மா வடுமாங்காயோட மாட்டியிருக்கலாம்."