கொஞ்சம் வேகம் கூட்டித் தாங்கக்கா

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குச் சிரித்த முகத்தோடு நுழைகிறவர் யாரும் கிடையாது. திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்துப் பார்த்து, கையிலிருந்த டீ ஆறி, பொறுமையும் தீர்ந்த பிறகுதான் எங்கள் கடைப் படியேறுவார்கள். நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்றால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே சாதி சனம்.

தென்காசியில் இந்தக் கடையை நானும் செல்வினும் சேர்ந்து நடத்துகிறோம். கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். எங்களிடம் வருகிற பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "புதுசு வேண்டாம், பழசையே கொஞ்சம் ஓட வைங்க." அதற்கு ஒரு வழி இருக்கிறது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைக் கம்பெனி வைத்து அனுப்பிய வேகத்துக்கு மேலே ஓட விடுவது. ஓவர்கிளாக் என்பார்கள். எல்லாப் பிராசசரும் இதற்கு இடம் கொடுக்காது. இடம் கொடுப்பதிலும் அவசரப்பட்டால் சூடு ஏறி மெஷின் பாதியில் அணைந்துவிடும். அதனால் ஒரு படி ஏற்று, ஓடவிட்டுச் சோதி, சூட்டைப் பார், பிறகு அடுத்த படி. எங்கள் வித்தை அவ்வளவுதான். அதில் கிடைத்த மனிதர்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பூவுக்குள்ளே இருந்து வந்த சிபியு

முருகேசன் கல்யாண வீடியோ எடுப்பவர். சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். அங்கே சூரியகாந்தி பூத்துவிட்டால், கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் எல்லாம் அந்த வயல்களுக்கு நடுவில்தான் நிற்பார்கள். முருகேசனுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டர், எடுத்ததையெல்லாம் ஒரே வீடியோவாகக் கோத்துக் கொடுக்கிற ரெண்டரிங் வேலையை முடிக்காமல் பாதியிலேயே நின்று நின்று போனது. அன்றைக்கு ஒரு ஜோடியின் ரிசப்ஷன், மேடையில் பெரிய திரை கட்டியாகிவிட்டது. போட வீடியோ இல்லை. சிபியுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

திறந்து பார்த்தால், ஃபேன் முழுக்க மெத்தை மாதிரித் தூசி. காய்ந்த மஞ்சள் இதழ்கூட ஒன்று கிடந்தது. சூட்டை வெளியே கடத்தப் பிராசசர் மேல் தடவியிருந்த பேஸ்ட் சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது. தூசியை ஊதி, பேஸ்டை மாற்றியதுமே சூடு நன்றாக இறங்கிவிட்டது. வேகம் கூட்டுகிற பேச்சையே நான் அதன் பிறகுதான் எடுத்தேன். மூச்சு முட்டிக் கிடப்பதை ஓடச் சொன்னால் அது எப்படி ஓடும்? படிப்படியாக ஏற்றி, சோதித்து, வோல்டேஜில் கை வைக்காமல் நிறுத்திக்கொண்டோம். அன்றைக்கு ரிசப்ஷனில் வீடியோ ஓடியது. மறுவாரம் முருகேசன் அல்வா பொட்டலத்தோடு வந்து செல்லக் கோபமாகச் சொன்னார்: "முன்னால ரெண்டரிங் போட்டுட்டுக் குத்தாலம் போய்க் குளிச்சிட்டு வருவேன்க்கா. இப்பக் குளிக்கப் போறதுக்கு ஒரு சாக்குகூட இல்லாமப் பண்ணிட்டியளே!"

சாரல் நின்ற பிறகு

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் சுடலைமுத்து அண்ணாச்சிக்கு எதையும் சீக்கிரம் தூக்கிப் போட மனசு வராது. ரூம் புக்கிங், கேமரா, பில் எல்லாம் ஒரே பழைய கம்ப்யூட்டரில். ஜூலையில், சாரல் அடிக்கிற நாளில், அங்கே போய்த்தான் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தோம். ஜன்னல் வழியாக வருகிற குளிர்காற்றில் பிராசசர் சூடே ஏறாமல் சொன்னதைக் கேட்டது. "அண்ணாச்சி, வெயில் காலத்துல ஒரு தடவ கூப்பிடுங்க, கொஞ்சம் இறக்கி வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி சரி என்றார்.

சித்திரை வெயிலில் போன் வந்தது. பள்ளிக்கூட லீவுக்கு வந்த ஒரு பெரிய கூட்டம் கவுன்டர் முன்னால் பெட்டியும் குழந்தைகளுமாக நிற்கிறது, கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துபோய் நிற்கிறது. யாருக்கு எந்த ரூம் என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. செல்வின் பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு பறந்தான். வேகத்தை இறக்கியதும் மெஷின் ஒன்றுமே நடக்காதது போல வேலை பார்த்தது. அண்ணாச்சி திட்டப்போகிறார் என்று நான் தலையைக் குனிந்து நின்றால், அவர் எங்கள் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, யோசனையோடு கேட்டார்: "ஆக, சீசன் முடிஞ்சா லாட்ஜுக்கும் ரேட்டக் குறைக்கணும், இதுக்கும் வேகத்தக் குறைக்கணும். அப்படித்தானே தாயி?"

ராயகிரியிலிருந்து ஒரு அழுகை

கடைக்குள் நுழையும்போதே அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். பெயர் சண்முகப்பிரியா, ராயகிரி. விவசாயத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். பின்னாலேயே சிபியுவைக் கட்டிப்பிடித்தபடி அவளுடைய தம்பி, முகமெல்லாம் வெளுத்து. விளையாட்டு இன்னும் சுகமாக ஓட வேண்டும் என்று ஏதோ வீடியோவைப் பார்த்து, அவன் வேகத்தையும் வோல்டேஜையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டான். அதோடு சரி. பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. அவளுடைய ஆராய்ச்சிக் கட்டுரை முழுவதும் உள்ளே. வேறெங்கும் பிரதி கிடையாது. சமர்ப்பிக்கிற தேதி பக்கத்தில் வந்துவிட்டது.

"ஹார்ட் டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காதும்மா" என்று செல்வின் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. முதலில் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி, எங்கள் மெஷினில் மாட்டி, கட்டுரையைத் திறந்து காட்டினோம். முதல் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்ததும்தான் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதை ஒரு பென் டிரைவில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அப்புறம் கரண்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கிற குட்டி பேட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் வெளியே வைத்தேன். அதைக் கழற்றினால் ஏற்றி வைத்த கணக்கெல்லாம் மறந்துபோய், மெஷின் கம்பெனி கொடுத்த வேகத்துக்கே திரும்பிவிடும். அதிர்ஷ்டம், பிராசசருக்கும் சேதமில்லை. திரையில் வெளிச்சம் வந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அக்காக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சொன்னாள்: "ஏலே, இனிமே அந்தப் பெட்டிப் பக்கம் வந்தே, உன் பேட்டரியக் கழத்திருவேன்!"

தொடாத எஞ்சின்

செங்கோட்டையில் அரிசி மொத்த வியாபாரம் செய்யும் ரசாக் பாய், "வேகம் கூட்டுறதுன்னா அது நீங்கதான்னு சொல்லுதாங்க" என்று தேடி வந்தார். பார்த்தால், அவருடைய பிராசசர் வேகம் ஏற்ற முடியாதபடி கம்பெனியே பூட்டி அனுப்பிய வகை. இல்லையென்று சொல்லி அனுப்ப எனக்குச் சங்கடமாக இருந்தது. செல்வின்தான் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்.எஸ்.டி. போட்டு, கூடக் கொஞ்சம் ரேம் மெமரியும் சேர்த்தான். வேலை முடிந்து பட்டனை அழுத்தியதும், அவர் நன்னாரி சர்பத்தை ஒரு மடக்குக் குடிப்பதற்குள் மெஷின் எழுந்து தயாராக நின்றது. பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "எஞ்சினத் தொடாமலே லாரிய ஓட வச்சிட்டியளேப்பா!"

ஜெயபால் சாரின் காது

ஆய்க்குடியிலிருந்து வந்த ஜெயபால் சாருக்குப் பார்வை கிடையாது. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடங்களைத் தம் குரலில் பதிவு செய்து அனுப்புகிறவர். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் அவருக்குக் கம்ப்யூட்டர். பதிவைச் சுத்தம் செய்கிற நேரத்தில் பழைய பிராசசர் திணறி, அந்தக் குரல் நின்றுவிடுமாம். நமக்காவது திரை தெரியும். குரல் நின்றுவிட்டால், மெஷின் யோசிக்கிறதா செத்துவிட்டதா என்றே அவருக்குத் தெரியாது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பாடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினேன். ஒவ்வொரு படிக்கும் மென்பொருள் இன்னும் சரளமாகப் பேசியது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சூடும் எல்லைக்குள்தான் இருந்தது. இன்னும் ஒரு படி போகலாம் என்று கை வைத்தபோது அவர் சிபியுவின் மேல் உள்ளங்கையை வைத்து, "போதும்மா" என்றார். "குரல் நல்லா வருது. ஆனா ஃபேன் கத்துது. இந்தச் சத்தம் மைக்குல ஏறிரும். பிள்ளைங்க காதுல பாடத்தோட இதுவும் சேந்து விழும்." எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு படி இறக்கினேன். செல்வின், மெதுவாகச் சுற்றுகிற பெரிய ஃபேன் ஒன்றை மாட்டினான். சார் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

தேர்வு முடிவு வந்து சில நாட்களில், மனைவியின் தோளைப் பிடித்தபடி அவர் எங்கள் படியேறினார். முதன்முதலாக ஒருவர் சிரித்த முகத்தோடு வருகிறார். அவருடைய பாடங்களைக் கேட்டுப் படித்த ஒரு பெண் அனுப்பிய குரல் பதிவைப் போனில் போட்டுக் காட்டினார். பாஸாகிவிட்டாளாம். சாருக்கு நன்றி சொல்லிவிட்டு, "அந்தக் கம்ப்யூட்டரைச் சரி பண்ணிக் குடுத்தவங்களுக்கும் சொல்லிருங்க சார்" என்று முடித்தாள். நாங்கள் முகம் பார்க்காத பெண். செல்வின் ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டான். நான் மூக்கை உறிஞ்சியது கேட்டிருக்க வேண்டும், ஜெயபால் சார் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "என்னம்மா, இப்ப உங்க பக்கத்துலதான் சத்தம் வருது!"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பழைய பிராசசர்களை வேகமாக்கிவிட்டோம், வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருக்கிற வாடிக்கையாளர்களை வேகமாக வீட்டுக்கு அனுப்புகிற செட்டிங் மட்டும் எங்கே இருக்கிறதென்று இன்னும் தெரியவில்லை, நாங்களும் அவ்வளவு மும்முரமாகத் தேடவில்லை.