என்சைம் காப்ஸ்யூலும் பாத்ரூம் தாழ்ப்பாளும்

காலை ஆறு இருபதுக்கு பாத்ரூமுக்குள்ளிருந்து மகள் கத்தினாள். "அம்மா, தாழ்ப்பாளைத் திறக்க முடியல. விரல் மடங்கவே மாட்டேங்கறது!"

அவளுடைய முடக்குவாத மாத்திரையைப் புற்றுநோய்க்கும் தருவார்களாம். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆவது என்று பயந்து நான் அதை நிறுத்தியிருந்தேன். டாக்டர் மாற்றிக் கொடுத்ததாகப் பொய் சொல்லி, மாட்டுங்காவில் என்னோடு பஜனைக்கு வரும் தோழி விற்ற என்சைம் காப்ஸ்யூலைக் கொடுத்து வந்தேன்.

டாக்டருக்கு போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"வீங்கின மூட்டுல சுரக்கற என்சைம்தான் குருத்தெலும்பை அரிக்குது. அதை அடக்கற மாத்திரையை யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று சீறினார்.

தோழிக்கும் போன் செய்தேன். அவளோ, "நச்சு வெளியேறறது, ரெண்டாக் குடுங்கோ" என்றாள். அவளைவிட என்மேல்தான் எனக்கு ஆத்திரம்.

ஏழு மணிக்கு வாட்ச்மேன் வந்து கதவை உடைத்தார். வெளியே வந்த மகள் சொன்னாள்: "நீ பேசினது கேட்டுது. எவனுக்காகம்மா என் விரலைக் குடுத்தே?"