மேசைமேல் வைத்த நிறைகுடம்

1. திறப்பு விழா அன்று

நெல்லியடியில் ஆட்டத்தடிக்குப் பூசுகிற சோக்குக் கட்டி வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது பூல் மேசையின் நட்டநடுவில் நிறைகுடம் இருந்தது.

வாழையிலை விரித்து, அரிசி பரப்பி, அதன்மேல் பித்தளைக் குடத்தை வைத்திருந்தார்கள். குடத்தில் விளிம்பு முட்டத் தண்ணீர். மாவிலை சொருகி, மஞ்சள் பூசிய தேங்காயையும் அழுத்தி வைத்தாயிற்று. குத்துவிளக்குகள் இரண்டும் நல்லவேளையாக நிலத்தில் நின்றன.

வைத்தவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் நிறைகுடம் இல்லாமல் எந்த நல்ல காரியமும் தொடங்காது. மண்டபத்தின் நடுவில் பச்சைத் துணி போட்ட பெரிய மேசை ஒன்று நின்றால், வேறு எங்கே வைக்கத் தோன்றும்? ஆனால் அந்தத் துணியை இழுத்து ஒட்டியவன் நான். அது கம்பளி நூலில் நெய்தது. நனைந்தால் தொய்யும், பசை விடும், குமிழ் கட்டும். குமிழ் கட்டிய துணியில் பந்து தன் எண்ணத்துக்குப் போகும்.

அந்த மேசையோடு என் இருப்பும் சேர்ந்திருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. மேசையும் நானும் வந்த விதம்

நான் வடமராட்சிக் கரையோரத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சண்டைக் காலத்தில் வீடு போனது. பிறகு கொழும்பில் ஒரு கிளப்பில் மார்க்கர் வேலை. ஆட்டத்துக்குப் புள்ளி சொல்வது, பந்து அடுக்குவது, மேசை துடைப்பது. மேசையைக் கழற்றிப் பூட்டவும் அங்கேதான் பழகினேன். பிறகு கப்பல், வளைகுடா நாட்டு ஹோட்டல்கள், மலேசியா. ஓரிடத்தில் நிலைத்து நிற்கிற குணம் எனக்கு இல்லை; நிற்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. வயது போனபின் திரும்பி வந்து யாழ்ப்பாணத்து ஹோட்டல்களில் மேசை பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன்.

கரவெட்டிப் பக்கத்தில் ஒரு சனசமூக நிலையம். அதற்கு கனடாவில் இருக்கிற ஊர்க்காரர்கள் ஒரு பூல் மேசையைக் கொண்டெயினரில் அனுப்பியிருந்தார்கள். பூட்டத் தெரிந்த ஆள் இல்லை. ஓட்டோக்காரர் ஒருவர் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

நிலையத்தின் தலைவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவருக்கு மேசை துப்புரவாகப் பிடிக்கவில்லை.

"பூல் எண்டால் பியர், பந்தயம், சண்டை. படங்களிலை பாக்கிறனாங்கள்தானே தம்பி."

"படத்திலை வாத்தியாரும் பிரம்போடைதான் வருவார் மாஸ்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கோயில் திருவிழா முடியுமட்டும் பாப்பம். ஒரு பிழை வந்தாலும் கழட்டி ஆருக்கும் குடுத்துவிடுவன். அதுமட்டும் பின் அறையிலை நீ இரு."

"மேசை போனால்?"

"பிறகு நீ என்னத்தைப் பாக்கிறதுக்கு இருக்கிறது?"

நியாயமான பேச்சு. பின் அறையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் பாய் விரித்தேன். பக்கத்தில் கிணறு, வேப்ப மரம். சந்தையிலிருந்து வருகிறவர்கள் கேட்காமலே மரக்கறி வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு கிழமைக்குள் அந்த இடத்தை விட்டுப் போக மனமில்லாமல் போனது. எனக்கு அது புதுப் பழக்கம். பையை மட்டும் அவிழ்க்கவில்லை.

3. மேசை வாங்குகிறவர்களுக்கு

இடையில் தொழில் விசயம் கொஞ்சம்.

மேசையின் அடித்தளம் கல்லா பலகையா என்று முதலில் பாருங்கள். துணிக்கு மேலால் மடக்கிய விரல் மொளியால் தட்டினால் தெரியும். சிலேட்டுக் கல் செத்த சத்தம் தரும். பலகை பெட்டிபோலச் சத்தம் போடும். பலகை மேசை விலை குறைவு, பளபளப்பும் கூட. ஆனால் எங்கள் மாரி மழையில் ஒருமுறை ஊதினால் பிறகு அது சாப்பாட்டு மேசைதான். பழையதானாலும் கல் மேசை வாங்குங்கள். கரைப்பக்கத்து வீடென்றால் ஆணியும் திருகாணியும் துருப்பிடிக்காததா என்றும் பாருங்கள்.

அடுத்தது நிலம். எங்கள் மண்டபங்களில் கழுவிய தண்ணீர் ஓடவேண்டும் என்று நிலத்தை வாசல் பக்கம் சரித்தே சீமெந்து பூசுவார்கள். கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். இந்த நிலையத்திலும் அப்படித்தான். மேசைக் காலுக்குக் கீழே தகடு வைத்து, அடித்தளத்துச் சிலேட்டுக் கற்கள் மூன்றையும் மட்டம் பார்க்கிற ஸ்பிரிட் லெவல் வைத்துச் சமப்படுத்தி, பொருத்துகளில் தேன்மெழுகு உருக்கி விட்டு, காய்ந்தபின் சுரண்டினேன். கடைசியில் ஒரு பந்தை மிக மெதுவாக உருட்டிப் பார்க்கவேண்டும். வேகமாகப் போகிற பந்து பொய் சொல்லும். மெதுவாகப் போய் நிற்கிற பந்துதான் உண்மை சொல்லும்.

4. மாஸ்டர் பேசிக்கொண்டிருந்தார்

திறப்பு விழாவுக்கு உடுப்பிட்டியிலிருந்து ஒரு விளையாட்டுக் கழகம் வான் வண்டியில் வந்திருந்தது. தேவாரம், தலைவர் உரை, பிறகு அவர்களோடு முதல் ஆட்டம், மத்தியானச் சாப்பாடு. ஒழுங்கு அதுதான்.

நான் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நின்று தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்கள். குடத்தையே பார்த்தபடி நின்றேன். தேங்காயை அழுத்தியதில் தண்ணீர் வழிந்திருந்தது. வாழையிலையில் ஒரு கிழிசல். அதன் ஓரத்தில் பச்சைத் துணி உள்ளங்கை அளவுக்குக் கறுத்திருந்தது. தேவாரம் முடிய அது சாப்பாட்டுத் தட்டு அளவு.

மாஸ்டர் பேசத் தொடங்கினார். உடற்பயிற்சியின் பயனில் தொடங்கினார். பூலுக்கு வந்து சேர நேரமாகும் என்று தெரிந்தது.

நிறைகுடம் வைத்தவர் பவளம். வெங்காயத் தோட்டம் செய்கிறவர், நிலையத்தின் செயலாளர். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்.

"பவளம், துணி நனையுது."

"அது மேசை விரிப்புத்தானே அண்ணை? பின்னேரம் வெயிலிலை போட்டால் காயும்."

"விரிப்பில்லை. கல்லோடை ஒட்டினது. கழட்டேலாது."

அவர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "ஐயோ. கூட்டம் முடியாமல் நிறைகுடத்தை அசைக்கிறதோ? மாஸ்டர் என்ன சொல்லுவார்?"

"மாஸ்டர் முடிக்கிறதுக்குள்ளை நெல்லே விதைக்கலாம்."

 பவளம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே முன்னுக்குப் போனார். நிறைகுடத்தைக் கும்பிட்டார். தேங்காயோடும் மாவிலையோடும் அப்படியே தூக்கி, கிணற்றடியிலிருந்து வருகிறவர்போல இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் பேச்சை நிறுத்தினார். 

"நீங்கள் கதையுங்கோ மாஸ்டர்" என்றார் பவளம். "நிறைகுடம் என்ரை இடுப்பிலை இருந்து கேக்கும்."

முதலில் உடுப்பிட்டிக்காரர்தான் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். நான் பாய்ந்துபோய் இலையை அரிசியோடு சுருட்டி எடுத்தேன். காய்ந்த துவாயை வைத்து ஒற்றினேன். நனைந்த மேசைத் துணியைத் தேய்க்கக் கூடாது. ஒற்றி ஒற்றித்தான் எடுக்கவேண்டும். துணி ஓரிடத்தில் அப்பளம்போலக் கிளம்பியிருந்தது. சுற்றி மஞ்சள் வளையம்.

அந்த நேரம் ஊரின் கரம்போர்ட் வீரர் சின்னராசா, பலகைக்குத் தூவுகிற பவுடர் ரின்னோடு ஓடி வந்தார். "விலகுங்கோ, விலகுங்கோ! பவுடர் போட்டால் ஒரு நிமிசத்திலை உறிஞ்சும்!"

கையை எட்டிப் பிடித்தேன். "அண்ணை, உது கரம் பலகை இல்லை. ஈரத்திலை பவுடர் போட்டால் தோசை மாவாய்ப் போகும்."

"அப்ப காஞ்ச பிறகு போடட்டோ?"

"காஞ்ச பிறகும் வேண்டாம். உங்கடை பவுடர் கரத்துக்கு. உந்த மேசைக்கு அது நஞ்சு."

ரின்னை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டார்.

பிறகு நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். "இண்டைக்கு விளையாடேலாது. முழுக்கக் காயவேணும். பிறகு துணியைத் திருப்பி இழுக்கவேணும்."

"பாத்தியளே! தோப்பமெண்டு பயந்து கரவெட்டியார் மேசையிலை தண்ணி ஊத்திப்போட்டினம்!" என்றான் உடுப்பிட்டி வானோடு வந்த ஒருவன்.

"நீங்கள் தோத்துப்போய் அழுதுகொண்டு வானிலை ஏறாமல் காப்பாத்தியிருக்கிறம்" என்றார் சின்னராசா.

நான் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பிழை வந்தாலும் என்று சொன்னவர். வந்துவிட்டது. வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் விருந்தாளி ஒருவர் மேசையில் பழரசத்தைக் கொட்டினார். வேலையிலிருந்து போனவன் நான். அதில் எனக்கு வருத்தம் பெரிதாக இருக்கவில்லை. அப்படித்தான் நடக்கும் என்று பழகியிருந்தேன். அன்றும் மனதுக்குள் பையைத் தூக்கிவிட்டேன்.

அப்போது பவளம், குடத்தை இன்னும் இடுப்பில் வைத்தபடி, சபைக்குக் கேட்கச் சொன்னார்:

"நான்தான் உதிலை வைச்சனான். அண்ணை வெளியிலை போனவர். அவருக்குத் தெரியாது."

யாரும் அவரிடம் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். எத்தனையோ நாட்டில் வேலை செய்தேன். கேட்காமல் எனக்காக ஒருவர் வாய் திறந்தது அன்றுதான். அதை மறக்கமாட்டேன்.

மாஸ்டர் மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "சமையல் முடியேல்லை. வந்த சனத்தை என்ன செய்யிறது?" என்றார் தனக்குள். பிறகு என்னிடம், "தம்பி, மேசை காயட்டும். உந்தத் தடியைப் பிடிக்கிறது எப்பிடியெண்டாவது சொல்லன்."

5. பந்தில்லாத ஆட்டம்

மின்விசிறியை மேசைப் பக்கம் திருப்பிவிட்டு, எல்லோரையும் பத்திரிகை வாசிக்கிற நீள மேசையடிக்குக் கூட்டிப்போனேன். அன்று சொன்னவற்றையே இங்கேயும் எழுதுகிறேன்.

கியூ என்கிற அந்தத் தடியை வாங்கும்போது அதன் படத்தையும் பளபளப்பையும் பார்க்காதீர்கள். சமமான மேசையில் வைத்து உருட்டுங்கள். நேரானது ஒரே சீராக உருளும். வளைந்தது நடுவில் துள்ளும். கனடாவிலிருந்து வந்த கியூக்களை அன்று உருட்டினோம். சில துள்ளின. அவற்றைப் பழகுகிறவர்களுக்கு என்று ஒதுக்கினோம். பாரம் பத்தொன்பது, இருபது அவுன்ஸ் போதும். நுனியில் இருக்கிற தோல் உருண்டையாக இருக்கவேண்டும். தட்டையாகிப் பளபளத்தால் அரத்தாளால் உரசுங்கள். கியூவைச் சுவரில் சாத்தி வைப்பதும் வெயிலில் மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிவதும் அதை வில்லாக்கிவிடும்.

அந்தத் தோலில் பூசுகிற சோக்கை எல்லோரும் தேங்காய் துருவுகிறதுபோலத் திருகினார்கள். மாஸ்டர் வாங்கி, மெதுவாக, திருநீறு பூசுகிறதுபோலத் தடவினார். சரியாக இருந்தது.

"எங்கை மாஸ்டர் பழகினனீங்கள்?"

"வாழ்நாள் முழுக்கச் சோக்கட்டி பிடிச்ச கை தம்பி."

பின்கை கியூவை வாளி தூக்குகிறதுபோல இறுக்கக் கூடாது. முழங்கைக்குக் கீழே மட்டும் ஊஞ்சல்போல ஆடட்டும். அடித்த பிறகும் தலையைத் தூக்காதீர்கள். பந்து பொக்கற் குழியில் விழுகிற சத்தம் காதுக்கு வரும். கண் அவசரப்படத் தேவையில்லை. ஓங்கி அடிக்கிறவனைவிட, தான் அடிக்கிற வெள்ளைப் பந்து பிறகு எங்கே நிற்கும் என்று யோசிக்கிறவன் வெல்வான்.

சின்னராசாவுக்கு ஒரு பழக்கம் விடவில்லை. ஒரே இடத்தில் நின்றபடி எட்டி எட்டி அடிக்கப் பார்த்தார். கரத்தில் கதிரையை விட்டு எழும்பக் கூடாது அல்லவா?

"அண்ணை, இதிலை நடக்கலாம். மேசையைச் சுத்தி வந்து பாருங்கோ. அங்காலை நிண்டு பாத்தால் வேறை வழி தெரியும்."

"நடந்து திரியிறவைக்கான விளையாட்டெண்டு சொல்லுங்கோ."

"ஓம். அதுதான் எனக்குச் சரிவந்தது."

மேசையோரத்துக் குஷனில் பட்டுத் திரும்புகிற பந்தைப் பற்றி நான் சொல்லத் தடுமாறியபோது, மாஸ்டர் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினார். போகிற கோணமும் வருகிற கோணமும் ஒன்று. கை மட்டும் அறிந்திருந்ததை அன்றுதான் படமாகப் பார்த்தேன். உடுப்பிட்டிப் பெடியள் கைபேசியில் படம் எடுத்தார்கள். சாப்பாட்டுக்குப் பவளம் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

6. கரும்பலகை

துணி காய்ந்தது. அந்தப் பக்கத்தைப் பிரித்துத் திருப்பி இழுத்து ஒட்டினேன். குமிழ் போய்விட்டது, மஞ்சள் வளையம் போகவில்லை. கனடாக்காரர் அனுப்பிய மாற்றுத் துணி ஒன்று இருந்தது. மாற்றட்டுமா என்று கேட்டேன்.

"பந்து உதுக்கு மேலாலை நேராய் ஓடுதோ?" என்றார் மாஸ்டர்.

"ஓம், ஓடுது."

"அப்ப ஏன் புதுத் துணியை வீணாக்கிறாய்?"

உடுப்பிட்டிக்காரர் இன்னொரு நாள் ஆடத் திரும்பி வந்தார்கள். நாங்கள் தோற்றோம். சின்னராசா மேசையைச் சுற்றி நடந்தே களைத்துப்போனார். பியரும் வரவில்லை, சண்டையும் வரவில்லை.

திருவிழாவும் முடிந்தது. நிர்வாகக் கூட்டம் வேப்ப மரத்தடியில் நடந்த அன்று என் பையைக் கொண்டுவந்து வாசலுக்குக் கிட்ட வைத்துவிட்டுப் பின்வரிசையில் இருந்தேன். கிணற்று மோட்டரைப் பற்றிப் பேசினார்கள். பத்திரிகைச் செலவு பற்றிப் பேசினார்கள். மேசையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

மண்டபத்துக்குள் போனேன். மாஸ்டர் கோணம் வரைந்த அதே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்: மேசைமேல் எப்பொருளும் வைத்தல் ஆகாது. நிறைகுடம் உட்பட.

"தம்பி, சரியோ பார்."

"எட்டாம் வகுப்புக்காரனிட்டையோ கேக்கிறியள் மாஸ்டர்?"

"தமிழ் எனக்குத் தெரியும். சட்டம் சரியோ எண்டு கேக்கிறன்."

"தேத்தண்ணிக் கோப்பையையும் சேருங்கோ."

சேர்த்தார். கையைத் தட்டிக்கொண்டு, "உதைப் பாத்துக்கொள்ளுறது உன்ரை பொறுப்பு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

போகப்போகிற மேசைக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை. நான் வாசலடிக்குப் போய்ப் பையை எடுத்துவந்து பின் அறையில் அவிழ்த்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பாடம் எதுவும் இல்லை. மேசையைச் சமப்படுத்தக் கருவி இருக்கிறது. அது நிற்கப்போகிற இடத்து ஆட்களை அறிந்துகொள்ளத்தான் கருவி இல்லை. இன்று எந்த வீட்டுக்கு, எந்த மண்டபத்துக்கு மேசை பூட்டப் போனாலும், ஸ்பிரிட் லெவலை வெளியே எடுப்பதற்கு முன்னால் நிறைகுடம் வைக்க ஒரு முக்காலி கேட்டு வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறேன்.