என் வாயால் ஒப்புக்கொண்ட குற்றம்

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையில் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி, நெளுக்குளத்துக்கு அப்பால் காட்டோரம் கொட்டில் போட்டோம், பதினொரு குடும்பம். பற்றை வெட்டி உழுந்து விதைத்தோம். அடுத்த வருடமே காட்டுக்கந்தோர்க்காரர், அதாவது வன அதிகாரிகள் வந்து, அது யாரும் வெட்டக்கூடாத ஒதுக்கக்காடு என்று எல்லார்மேலும் வழக்கு எழுதினார்கள்.

நான் நாலாம் வகுப்போடு தோட்ட வேலைக்குப் போனவன். தோட்டத்தில் துரை முன்னால் கங்காணி என்ன குற்றம் சொன்னாலும் “ஆமாங்க, தப்புத்தாங்க” என்றுவிட வேண்டும். எதிர்த்தால் முழுச் சம்பளமும் போகும். ஒப்புக்கொண்டால் பாதியாவது மிஞ்சும். அந்தப் பழக்கத்தில்தான் பதினொரு பேரும் கோர்ட்டிலும் ஒப்புக்கொண்டோம். ஆட்டை விற்றுத் தண்டம் கட்டினேன்.

மறுபோகத்துக்குப் பற்றை வெட்ட, மறுபடி எல்லார்மேலும் வழக்கு. மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

“ரெண்டாந்தரம் எண்டா தண்டமில்ல தம்பி, மறியல்தான். போர்வையக் கொண்டு போங்கோ” என்றார் தேத்தண்ணிக்கடை நானா. பகிடிக்குத்தான் சொன்னார். நான் சிறைக்கென்றே உண்மையில் போர்வையோடு போனேன்.

நீதவான் புதிதாக வந்தவர். கூண்டில் என்னைத்தான் முதலில் ஏற்றினார்கள்.

“குற்றவாளியா, சுற்றவாளியா?” என்று கேட்டார்கள். குற்றம் செய்யாதவனை அங்கே சுற்றவாளி என்பார்கள்.

“குத்தவாளிதாங்க சாமி.”

நீதவானின் பேனா நின்றது. “என்ன மரம் வெட்டினீர்?”

“மரமில்லீங்க. ஈச்சம்பத்தையும் எருக்கலையும்.”

“அது ஒதுக்கக்காடு எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?”

“ஐயாமாரு சொல்றாங்களே... அவங்க பொய்யாங்க சொல்லுவாங்க?”

கோர்ட்டே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. “எல்லைக்கல் எங்கை?” என்று காட்டுக்கந்தோர்க்காரரைக் கேட்டார். அவர் கோப்பைப் புரட்டிக்கொண்டே நின்றார்.

அடுத்த கிழமை நீதவானே நில அளவையாளரோடு வந்தார், காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு. கல் ஒரு புற்றுக்குள் புதைந்து கிடந்தது, எங்கள் உழுந்துக்கு இரண்டு வயல் தூரம் அப்பால். எங்கள் நிலம் ஒதுக்கத்துக்குள்ளேயே இல்லை. கல்லைத் தவறாகக் கண்டுவிட்டார்களோ, திரும்பவும் அளப்பார்களோ என்று அன்றிரவெல்லாம் புரண்டேன்.

நீதவான் வழக்குகளைத் தள்ளுபடி செய்தார். அதோடு விடாமல் பழைய கோப்புகளையும் மேல் கோர்ட்டுக்கு எழுதி அனுப்பினார். பிள்ளை பிறந்து குப்புறப் புரளும் நாட்களில் உத்தரவு வந்தது: பழைய தீர்ப்பு இரத்து, கட்டிய தண்டம் திருப்பித் தரப்படும்.

பொறியோ என்று பயந்து இரண்டு நாள் யாரும் போகவில்லை.

“புடிக்கிறதுன்னா வீட்டுக்கே வருவாங்க. பேசாம போங்க” என்று மனைவி தள்ளிவிட்டாள்.

கோர்ட்டுக் கிளாக்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தண்டம் வாங்கி வாங்கியே தலை நரைச்சுப் போச்சு, தம்பி. திருப்பிக் குடுத்ததே இல்லை. எந்தப் புத்தகத்திலை எழுதுறதெண்டும் தெரியேல்லை.”

காசு கைக்கு வந்தும் என்னால் நகர முடியவில்லை. “ஐயா, அந்தக் குத்தம்?”

“எந்தக் குற்றம்?”

“நான் வாயால ஒத்துக்கிட்டது.”

அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்குக் குறுக்கே சிவப்புக்கோடு. “நீர் சொல்லிப்போட்டா அது செய்ததாகுமோ? போம்.”

வெளியே மரநிழலில் மற்றப் பத்துப் பேரும் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். நானே சொன்னதை நம்பாமல், மண்ணுக்குள் கிடந்த ஒரு கல்லைத் தேடிப் போக ஒரு மனிதருக்கு எப்படித் தோன்றியது?

கொஞ்ச நேரத்தில் நீதவானின் கார் வெளியே வந்தது. எல்லாரும் கைகூப்பினோம். அவர் நிமிரவில்லை. மடியில் வேறு யாருடைய வழக்குக் கோப்பையோ விரித்து வாசித்துக்கொண்டு போனார்.